பட்டறை போட்டு வானம் பார்த்தவர்: விஞ்ஞானி வைணு பாப்பு



இந்த மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுதிக் கொடு என்று மலர்க் குழு நண்பர்கள் கேட்டார்கள். விஞ்ஞானி கட்டுரை என்றதும் நம்மவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, குழுப் படத்தில் தன் முகம் எங்கே என்று தேடப் போய்விடுவார்கள் என்று எனக்கும் தெரியும். அதனால் நம் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்துப் பிள்ளைகளுக்கு நேரடியாகச் சம்பந்தம் உள்ள ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். அவர் பெயர் மணலி கல்லட் வைணு பாப்பு. விண்ணியற்பியல் அறிஞர். 1982-லேயே காலமாகிவிட்டார். அவர் பெயரைத் தாங்கிய வானாய்வகம் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு காலைப் பொழுதில் போய்ச் சேர்கிற தூரத்தில் இருக்கிறது.

என் ஊர் நாட்றாம்பாளையம். அஞ்செட்டி தாண்டி ஒகேனக்கல் போகிற காட்டு வழியில் இருக்கிற ஊர். வெளியூரில் ஊர்ப் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் நாட்றம்பள்ளியா என்று கேட்பார்கள். அது வேறு ஊர், வாணியம்பாடி பக்கம் நெடுஞ்சாலையில் இருக்கிறது. அந்த நாட்றம்பள்ளியைத் தாண்டி வாணியம்பாடி போய், ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையில் ஏறினால் காவலூர் வரும். அங்கேதான் வைணு பாப்பு வானாய்வகம். ஓசூரில் டூல் ரூம் வேலையில் சேர்ந்த பிறகு ஒரு சனிக்கிழமை நண்பர்களோடு அங்கே போய் வந்தேன். மைக்ரோமீட்டரும் கையுமாக இருப்பவனுக்கு அந்தத் தொலைநோக்கியைப் பார்த்ததும் வந்த முதல் கேள்வி நட்சத்திரத்தைப் பற்றியது இல்லை. இதை யார் செய்தார்கள், எங்கே செய்தார்கள் என்பதுதான். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான் இந்த மனிதரைத் தெரிந்துகொண்டேன்.

விண்ணியற்பியல் என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருபவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1930-ல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறி, பிறகு அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வாழ்நாள் முழுக்க உழைத்து, 1983-ல் நோபல் பரிசு பெற்றவர். அவருக்குப் பேனாவும் தாளும் போதும். கணக்கே அவருடைய கருவி. பாப்புவின் பாதை வேறு. அவருக்கு வானத்தைப் பார்த்தாக வேண்டும். பார்க்கக் கருவி வேண்டும். கருவி இல்லாத நாட்டில் அந்தக் கருவியைச் செய்வதும் வானியலின் ஒரு பகுதிதான் என்று வைத்துக்கொண்டு அதற்காகவே வாழ்ந்தவர். பொறியாளர்களாகிய நாம் இவரைத் தெரிந்துகொள்ள வேண்டியதற்குக் காரணம் இதுதான்.

தொலைநோக்கி அடியில் வளர்ந்த பையன்

வைணு பாப்பு 1927 ஆகஸ்ட் 10-ஆம் தேதி சென்னையில் பிறந்தார். பூர்வீகம் கேரளத்தின் வடக்கே கண்ணூர், தலைச்சேரிப் பக்கம். பெற்றோருக்கு ஒரே பிள்ளை. அப்பாவுக்கு ஹைதராபாத்தில் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை. அதனால் மற்றப் பிள்ளைகள் கோலியும் கில்லியும் ஆடிய வயதில் இவர் தொலைநோக்கியைச் சுற்றி விளையாடினார் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஹைதராபாத் நிஜாம் கல்லூரியில் படித்தார். சில நட்சத்திரங்கள் ஒரே அளவில் ஒளி விடாமல் கூடிக் குறையும். அவற்றை மாறொளிர் விண்மீன்கள் என்பார்கள். இரவெல்லாம் அவற்றைப் பார்த்துக் குறிப்பு எடுத்த பையன், கல்லூரியில் படிக்கும்போதே 1946-ல் அதைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். நட்சத்திரத்தின் நிறம் நம் கண்ணின் கணிப்பை எப்படி ஏமாற்றுகிறது என்பது அதன் விஷயம். பத்தொன்பது வயதில் அளவீட்டுப் பிழையைப் பற்றிக் கவலைப்பட்டவர் என்பதைக் கவனியுங்கள். ஆய்வுக்கூடத்தில் ரீடிங்கைப் பக்கத்து நோட்டிலிருந்து எழுதிக்கொள்கிற தம்பிகளுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்!

வால்மீனும் பதக்கமும்

ஹைதராபாத் அரசின் உதவித்தொகையில் 1949-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். சேர்ந்த சில மாதங்களிலேயே அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது. அந்தக் காலத்தில் வானத்தைக் கண்ணாடித் தட்டுகளில் படம் எடுத்து, கழுவி, பிறகு ஒவ்வொரு தட்டாக உற்றுப் பார்ப்பார்கள். 1949 ஜூலை 2-ஆம் தேதி அப்படி எடுத்த தட்டு ஒன்றில், இருக்கக் கூடாத இடத்தில் ஒரு மங்கலான தீற்றல் இருந்தது. பாப்பு அதை விடவில்லை. அவருடைய ஆசிரியர் பார்ட் போக், உடன் பணியாற்றிய கார்டன் நியூகிர்க் இருவரோடும் சேர்ந்து சரிபார்த்தபோது அது ஒரு புதிய வால்மீன் என்று தெரிந்தது. வானியல் உலகம் அதற்கு பாப்பு-போக்-நியூகிர்க் வால்மீன் என்று மூன்று பேர் பெயரையும் வைத்தது. அது சூரியனை ஒரு சுற்று சுற்றிவர சுமார் 60,000 ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். பசிபிக் வானியல் சங்கம் அந்த ஆண்டின் டோனஹோ வால்மீன் பதக்கத்தை அவருக்குக் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

அதிர்ஷ்டம் என்று எழுதினேன். ஆனால் இரவில் படம் எடுப்பவர்கள் பல பேர். தட்டைப் பொறுமையாகப் பார்ப்பவர்கள் சில பேர்தான். நம் தொழிலில் இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகப் புரியும்.

விளக்கின் வாட்டைத் தூரத்திலிருந்து படிப்பது எப்படி?

1952-ல் முனைவர் பட்டம் கிடைத்தது. அடுத்து கார்னகி ஆய்வு உதவித்தொகை. அதைப் பெற்ற முதல் இந்தியர் இவர். இதன் பலனாகக் கலிபோர்னியாவில் மவுண்ட் வில்சன், பலோமார் ஆய்வகங்களில் வேலை செய்ய வாய்ப்பு வந்தது. பலோமாரின் 200 அங்குலத் தொலைநோக்கிதான் அன்று உலகத்திலேயே பெரியது. அங்கே ஓலின் வில்சன் என்ற வானியலாளரோடு சேர்ந்து செய்த வேலைதான் பாப்புவின் பெயரைப் பாடப் புத்தகங்களில் நிறுத்தியது. அதைக் கொஞ்சம் விளக்குகிறேன், பயப்படாதீர்கள்.

நாட்றாம்பாளையத்தில் மின்சாரம் நின்றுபோன இரவில் தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிகிறது. அது பக்கத்துக் கொல்லையில் எரிகிற பீடியா, மலைக்கு அந்தப் பக்கம் வருகிற லாரியின் விளக்கா? வெளிச்சத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நட்சத்திரத்துக்கும் இதே சிக்கல்தான். மங்கலாகத் தெரிவது கிட்டத்தில் உள்ள சின்ன நட்சத்திரமா, வெகு தூரத்தில் உள்ள ராட்சத நட்சத்திரமா? அதன் உண்மையான பிரகாசம், அதாவது எத்தனை வாட் விளக்கு என்பது தெரிந்துவிட்டால், கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தோடு ஒப்பிட்டுத் தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

நட்சத்திர ஒளியை முப்பட்டகம் மாதிரியான கருவியில் விட்டு விரித்தால் நிறப்பட்டை கிடைக்கும். அதில் நடுநடுவே கறுப்புக் கோடுகள் விழும். நட்சத்திரத்தில் உள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கான இடத்தில் கோடு போடும். ஊதா பக்கத்தில் கால்சியம் போடுகிற அகலமான கோடு ஒன்றுக்குக் கே கோடு என்று பெயர். சூரியனை விடக் குளிர்ந்த, மஞ்சளும் சிவப்புமான பல நட்சத்திரங்களில் அந்தக் கறுப்புக் கோட்டின் நடுவே ஒரு மெல்லிய வெளிச்சக் கீற்று தெரியும். வில்சனும் பாப்புவும் 185 நட்சத்திரங்களில் அந்தக் கீற்றின் அகலத்தை அளந்தார்கள். உண்மையான பிரகாசம் கூடக் கூட அந்த அகலமும் ஒரு ஒழுங்கோடு கூடிக்கொண்டே போனது. சுமார் பத்து லட்சம் மடங்கு பிரகாச வித்தியாசம் உள்ள நட்சத்திரங்களுக்கும் அதே விதி பொருந்தியது. ஆக, கீற்றின் அகலத்தை அளந்தால் விளக்கு எத்தனை வாட் என்று தெரிந்துவிடும். அதிலிருந்து தூரமும் தெரிந்துவிடும். 1957-ல் இதை வெளியிட்டார்கள். அன்று முதல் இது வில்சன்-பாப்பு விளைவு என்றே அழைக்கப்படுகிறது.

அந்த ஒழுங்கு ஏன் வருகிறது என்ற கேள்வியை பாப்பு பிறகும் விடவில்லை. நமக்கு மிகக் கிட்டத்தில் உள்ள நட்சத்திரம் சூரியன்தானே! கொடைக்கானலில் சூரியனைக் கே கோட்டு ஒளியில் படம் எடுத்து, அதன் மேற்பரப்பில் எந்தப் பகுதி அந்த அகலத்துக்குக் காரணம் என்று கே.ஆர். சிவராமனோடு சேர்ந்து ஆராய்ந்து 1971-ல் கட்டுரை எழுதினார்.

திரும்பி வந்தார்

இப்போது ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். வயது இருபத்தாறு. கையில் ஹார்வர்டு பட்டம், வால்மீன் பதக்கம், உலகத்தின் மிகப் பெரிய தொலைநோக்கியில் வேலை செய்த அனுபவம். அங்கேயே இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் 1953-ல் இந்தியா திரும்பிவிட்டார்.

இங்கே என்ன காத்திருந்தது? பெரிய தொலைநோக்கி எதுவும் இல்லை. நவீன விண்ணியற்பியலுக்கு ஏற்ற ஆய்வகம் இல்லை. 1954-ல் உத்தரப் பிரதேச அரசு வாரணாசியில் தொடங்கிய வானாய்வகத்தின் பொறுப்பு கிடைத்தது. வாரணாசிச் சமவெளியின் தூசும் வெளிச்சமும் சரிப்படாது என்று 1955-ல் ஆய்வகம் நைனிதால் மலைக்கு மாறியது. இன்று மனோரா சிகரத்தில் இருக்கும் ஆய்வகத்தின் ஆரம்பம் அது. நல்ல வானம் உள்ள இடம் தேடுவது, மண்ணைப் பார்ப்பது, ஆள் சேர்ப்பது, அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதுவது என்று அவர் வாழ்க்கை முழுவதும் செய்த வேலையின் முதல் ஒத்திகையும் அதுவே.

1960-ல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநராக வந்தார். அப்போது வயது முப்பத்திரண்டு, கிட்டத்தட்ட இன்று என் வயது. கொடைக்கானல் 1899-ல் தொடங்கிய பழைய, புகழ் பெற்ற சூரிய ஆய்வகம். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்தது இங்கேதான். ஆனால் பாப்பு வந்தபோது அது பழைய பெருமையில் காலம் தள்ளிக்கொண்டிருந்த நிலையம். அவர் காலத்தில் சூரிய கோபுரத் தொலைநோக்கி ஆராய்ச்சிக்கு வந்தது. அதோடு இன்னொரு காரியமும் செய்தார். ஆய்வகத்துக்குள்ளேயே இயந்திரப் பட்டறை, கண்ணாடி மெருகேற்றும் பிரிவு, எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு எல்லாவற்றையும் வளர்த்தார். ஒரு நட்டு உடைந்தால் லண்டனுக்குத் தந்தி அடித்துவிட்டு ஆறு மாதம் உட்கார்ந்திருக்கிற நிலைமை மாற வேண்டும் அல்லவா?

ஜவ்வாது மலையைத் தேர்ந்தெடுத்த காரணம்

கொடைக்கானல் பகலில் சூரியனைப் பார்க்க நல்ல இடம். இரவில் நட்சத்திரம் பார்க்க மேகம் இடைஞ்சல். அதனால் வேறு இடம் தேடினார்கள். கடைசியில் ஜவ்வாது மலையில் சந்தனமும் வேறு மரங்களும் அடர்ந்த காட்டுக்குள் காவலூர் கிடைத்தது. உயரம் சுமார் 725 மீட்டர்தான். இமயமலையை விட்டுவிட்டு இந்தக் குட்டி மலைக்கு ஏன் வர வேண்டும்?

இதற்கு விடை பூகோளத்தில் இருக்கிறது. காவலூர் சுமார் 12.5 டிகிரி வட அட்சத்தில் உள்ளது. பூமத்திய ரேகைக்குப் பக்கமாக இருப்பதால் வட வானத்தோடு தென் வானத்தின் பெரும்பகுதியும் இங்கிருந்து தெரியும். சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிகக் கிட்டத்தில் உள்ள விண்மீன் குடும்பமான ஆல்ஃபா செண்டாரி இங்கே தென் அடிவானத்துக்கு மேல் 16 டிகிரிக்கு மேலே எழும். வடக்கே மலைகளில் அது அடிவானத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ போய்விடும். இன்னொரு காரணம் தீர்க்க ரேகை. ஆஸ்திரேலியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே, தென் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க இந்த இடைவெளியில் ஒரு கண் வேண்டும். காவலூர் அந்தக் கண்.

1968-ல் அங்கே முதல் தொலைநோக்கி வந்தது. கண்ணாடியின் விட்டம் 38 சென்டிமீட்டர். அது கொடைக்கானல் பட்டறையிலேயே உருவானது. 1972-ல் ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் நிறுவனத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது.

இடத் தேர்வு சரிதான் என்று உடனே நிரூபணமாயிற்று. 1972 ஜூன் மாதம் வியாழன் கோளின் கானிமீட் என்ற நிலா ஒரு நட்சத்திரத்தை மறைத்துச் சென்றது. இப்படி மறைக்கும்போது வெளிச்சம் சட்டென்று அணைந்தால் அந்த நிலாவுக்குக் காற்று இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக மங்கினால் மெல்லிய வாயு மண்டலம் இருக்கலாம். அந்த மறைப்பு தெரிகிற பாதையில் இந்தோனேசியாவின் லெம்பாங்கும் நம் காவலூரும் இருந்தன. இரண்டு இடத்து அளவுகளும் சேர்ந்து கானிமீடுக்கு மிக மெல்லிய வாயு மண்டலம் இருக்கலாம் என்று காட்டின. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. கோளுக்கு வெளியே நட்சத்திரம் சில நொடிகள் மங்கி மங்கித் தெளிந்தது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது அன்றைக்குத்தான் உலகத்துக்குத் தெரியவந்தது. விமானத்தில் பறந்தபடி அதைப் பதிவு செய்த அமெரிக்கக் குழுவுக்குத்தான் கண்டுபிடிப்பின் பெருமை. ஆனால் அதே இரவில் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் அந்த மங்கலைப் பதிவு செய்தது. அந்த ஆண்டே உலகப் புகழ் பெற்ற நேச்சர் இதழில் அது வெளியானது.

வாங்குவதா, செய்வதா?

இதற்கு நடுவே 1971-ல் கொடைக்கானல் ஆய்வகம் இந்திய வானியற்பியல் நிறுவனம் என்ற தன்னாட்சி நிறுவனமாக மாறியது. தலைமையகம் பெங்களூர் கோரமங்களாவுக்கு வந்தது. பாப்பு அதன் முதல் இயக்குநர். அவர் மனத்தில் அடுத்த திட்டம் உருவாகியிருந்தது. 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி. இந்த முறை வாங்கப் போவதில்லை; வடிவமைப்பிலிருந்து நிறுவுவது வரை இந்தியாவிலேயே செய்வது என்று முடிவெடுத்தார்.

டூல் ரூம் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நாம் ஒரு மோல்டில் ஐந்து மைக்ரான் பிடித்துவிட்டால் அன்று காலர் தூக்கிக்கொண்டு நடப்போம். ஒளியின் அலைநீளமே அரை மைக்ரான்தான். தொலைநோக்கிக் கண்ணாடியின் மேற்பரப்பு அந்த அரை மைக்ரானில் ஒரு சின்னப் பின்னத்துக்குள் சரியாக இருக்க வேண்டும். அதுவும் உள்ளங்கை அளவுப் பரப்பில் இல்லை. இரண்டு ஆள் கை கோத்து நின்றாலும் கட்டிப் பிடிக்க முடியாத வட்டம் முழுக்க. வடிவமும் வெறும் கிண்ண வடிவம் இல்லை, பரவளையம். தேய்ப்பது, நிறுத்துவது, வெப்பம் ஆறும் வரை காத்திருப்பது, அளப்பது, மறுபடி தேய்ப்பது. ஒரு இடத்தில் கொஞ்சம் அதிகமாகத் தேய்த்துவிட்டால் அந்த இடத்தில் திரும்ப ஒட்டவைக்க முடியாது. மீதி முழுவதையும் அதற்கு ஏற்பக் கீழே கொண்டுவர வேண்டும்.

பெரிய கண்ணாடிக் கட்டி மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்தது. தேய்த்து மெருகேற்றும் வேலை பெங்களூரில் நிறுவனத்தின் ஒளியியல் கூடத்திலேயே ஏ.பி. ஜெயராஜன் தலைமையில் நடந்தது. தாங்கும் இரும்புக் கட்டமைப்பு வால்சந்த்நகரில் உருவானது. நட்சத்திரத்தைத் தொடர்ந்து துரத்திச் செல்லும் கட்டுப்பாட்டு முறையில் பாபா அணு ஆராய்ச்சி மையம் உதவியது. நாட்டின் பல மூலைகளில் அதுவரை தொலைநோக்கி என்ற பொருளையே செய்திராத கைகள் இதைச் செய்தன.

பலன் என்ன? இருட்டில் நன்றாக விரிந்த நம் கண்மணியின் விட்டம் சுமார் 7 மில்லிமீட்டர். 2340 மில்லிமீட்டர் கண்ணாடி அதைப் போல ஒரு லட்சம் மடங்குக்கு மேல் ஒளியைச் சேர்க்கும். 1968-ல் வந்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு ஒப்பிட்டால் சுமார் 38 மடங்கு. இருபது வருஷத்துக்குள் நடந்த வளர்ச்சி இது.

இந்தக் கட்டுரைக்காகப் பேசிக்கொண்டிருந்தபோது நம் கல்லூரியின் சீனியர் ஒருவர் என்னோடு வாதாடினார். அவர் சொன்னதன் சாரம் இது: 1970-களின் நடுவிலேயே அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நான்கு மீட்டர் தொலைநோக்கிகள் வந்துவிட்டன. நாம் பத்து வருஷத்துக்கு மேல் உழைத்து அதில் பாதிக்குச் சற்று மேலான அளவில் ஒன்றைச் செய்தோம். அதற்கு ஆர்டர் கொடுத்து வாங்கியிருந்தால் அந்த வருஷங்களில் எத்தனையோ ஆராய்ச்சி நடந்திருக்குமே! இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. காவலூரில் மழைக்கால மேகத்தில் வீணாகும் இரவுகளும் நிறைய என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தாமதத்தின் விலையை அதிகமாகக் கொடுத்தவரும் பாப்புதான்.

ஆனால் ஓசூரில் பத்து வருஷம் குப்பை கொட்டியவனாக எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். வாங்கின மெஷின் வேலை செய்யும். அது நின்றுபோனால் நாமும் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். செய்த மெஷினோடு, அதைச் செய்யத் தெரிந்த ஆட்களும் உருவாகிவிடுவார்கள். அடுத்த மெஷினை அந்த ஆட்கள் செய்வார்கள். பாப்பு பணம் போட்டது அந்த ஆட்களின் மேல். அதனால்தான் பட்டறையை ஆய்வகத்துக்கு வெளியே வைக்காமல் உள்ளேயே வைத்தார்.

1982 ஆகஸ்ட்

கௌரவங்கள் தேடி வந்தன. 1970-ல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது. 1981-ல் பத்மபூஷண். 1979-ல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உலகத்து வானியலாளர்கள் எல்லாருக்குமான அந்த அமைப்பில் இந்தியர் ஒருவர் தலைமைப் பொறுப்புக்கு வந்தது அதுவே முதல் முறை.

அந்த ஒன்றியத்தின் பொதுக் கூட்டம் 1982 ஆகஸ்டில் கிரீஸ் நாட்டின் பட்ராஸ் நகரில் கூடியது. தலைவர் நாற்காலியில் பாப்பு உட்காரவில்லை. இதய அறுவை சிகிச்சைக்காக ஜெர்மனியின் மியூனிக் நகரில் இருந்தார். கூட்டம் நடந்துகொண்டிருந்தபோதே, ஆகஸ்ட் 19-ஆம் தேதி அங்கே காலமானார். ஐம்பத்தைந்து வயது முடிந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. 2.34 மீட்டர் தொலைநோக்கி அப்போது பாதி வேலையில் இருந்தது.

ஒரு தனி மனிதரின் ஆசையாக மட்டும் இருந்திருந்தால் அந்தத் தொலைநோக்கி அன்றோடு நின்றிருக்கும். நிற்கவில்லை. அவருக்குப் பின் இயக்குநரான ஜே.சி. பட்டாச்சார்யா தலைமையில் அவர் வளர்த்த ஆட்களே அதை முடித்தார்கள். 1986 ஜனவரி 6-ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து, ஆய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார்.

அதற்குப் பின்

1988-ல் காவலூரில் ஆர். ராஜமோகன் குழுவினர் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் 1885-ல் கண்டுபிடித்ததற்குப் பிறகு இந்திய மண்ணிலிருந்து கிடைத்த முதல் சிறுகோள் அது. அதற்குக் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். 2596 என்ற எண்ணுள்ள இன்னொரு சிறுகோளுக்கு வைணு பாப்பு என்றே பெயர்.

பாப்பு விட்டுப்போன நிறுவனத்துக்கு இன்று நம் ஓசூருக்குப் பக்கத்தில், ஹொஸ்கோட்டேயில் ஒரு வளாகம் இருக்கிறது. லடாக்கின் ஹான்லே மலை உச்சியில் நிற்கும் இரண்டு மீட்டர் தொலைநோக்கியை அங்கே உட்கார்ந்தபடியே செயற்கைக்கோள் இணைப்பு மூலம் இயக்குகிறார்கள். சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2-ல் ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 விண்கலத்தின் முக்கியக் கருவியான சூரிய ஒளிவளைய வரைவி அந்த வளாகத்தில்தான் உருவானது. ஆதித்யா தன் இடத்தைப் போய் அடைந்த தேதி 2024 ஜனவரி 6. காவலூர்த் தொலைநோக்கி திறந்த நாளிலிருந்து சரியாக முப்பத்தெட்டு வருஷம். தேதி பொருந்தியது தற்செயல்தான். ஆனால் விண்வெளிக்குப் போகிற கண்ணாடிக் கருவியைச் செய்கிற துணிச்சல் அந்த நிறுவனத்துக்குத் தற்செயலாக வந்துவிடவில்லை. கொடைக்கானல் பட்டறையில் 38 சென்டிமீட்டர் கண்ணாடியில் ஆரம்பித்த கைப்பழக்கம் அது.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நம் கல்லூரியிலிருந்து வருஷா வருஷம் வெளியே போகிறவர்களில் பாதிப் பேர் ஓசூர் சிப்காட்டுக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போகிறோம். பல இடங்களில் டிராயிங் வெளிநாட்டிலிருந்து வரும், மெஷின் வெளிநாட்டிலிருந்து வரும், அளக்கும் கருவியும் வெளிநாட்டிலிருந்து வரும். பட்டனை அமுக்குவதும் சம்பளம் வாங்குவதும் நம் வேலை. இதில் கேவலம் ஒன்றும் இல்லை, நானும் அதைச் செய்கிறவன்தான். ஆனால் நாம் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில் நாளைக்கு வருகிறவனுக்கு ஒன்றையாவது சொந்தமாகச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் ஒரு ஓரத்தில் இருக்கட்டும். வேலை முடிவதைப் பார்க்க நாம் இல்லாமல்கூடப் போகலாம். அதை எதிர்பார்த்தே ஆட்களைத் தயார் செய்துவிட்டுப் போனவரைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் படித்தீர்கள்.

சனிக்கிழமைகளில் காவலூரில் பொதுமக்கள் பார்க்க அனுமதி உண்டு. முன்னதாக விசாரித்துக்கொண்டு, மழைக்காலத்தை விட்டு, பனிக்காலத்தில் மேகமில்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். சங்கத்தின் சார்பில் ஒரு வண்டி ஏற்பாடு செய்தால் இறுதி ஆண்டு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போக நான் தயார். பொறுப்பாளர்கள் இதை ஒரு வேண்டுகோளாக எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வளர்க நம் கல்லூரி!